மலையில் கற்ற இலக்கணம்

வேனிற்காலத்தில் உதகமண்டலத்தை நாடிச் செல்வோர் பலர். மலர்க்காட்சி காண்பாரும், ஏரியில் படகு செலுத்துவாரும், மாலையில் திரைப்படம் பார்த்து மகிழ்வாரும் அவருள் உளர். ஆயின், 1935-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த அறிஞர் ஒருவர், அம்மலைக்கு இலக்கணம் தேடிச் சென்றார்.

அவர் கனடா நாட்டில் 1904-இல் பிறந்த மரே எமனோ என்பவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வடமொழி கற்றுப் பட்டம் பெற்றவர், நீலகிரியில் மீண்டும் மாணவரானார். தோடர், கோத்தர் மொழிகள் எழுத்து வடிவம் பெறாதவை; ஆதலின், அவற்றைப் பேசும் மக்களே அவருக்கு நூலும் ஆசிரியரும் ஆயினர். ஆங்கிலம் அறிந்த கோத்தர் ஒருவர் தம் குலத்துக் கதைகளைச் சொல்லச் சொல்ல, எமனோ ஒவ்வோர் ஒலியையும் கூர்ந்து கேட்டு எழுதினார். பின்பு சொற்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். தமிழில் 'கண்' என்பது கோத்தர் மொழியிலும் 'கண்' என்றே வழங்கும். தோடர் மொழியிலோ 'கொண்' என்று ஒலிக்கும். இத்தகைய ஒப்புமைகள் அம்மொழிகளுக்கும் தமிழுக்கும் உள்ள உறவை விளக்கின.

1938-இல் அவர் நாடு திரும்பினார். எனினும், கற்றல் நிற்கவில்லை. கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை வெளிவந்தன. பர்ரோ என்னும் அறிஞருடன் அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இலும், தோடர் பாடல்கள் 1971-இலும் வெளியாயின. தோடர் மொழி இலக்கணம் அச்சேறிய 1984-இல் அவர்தம் அகவை எண்பது!

ஏட்டில் ஏறாத மொழி, பேசுவோர் மறையின் சுவடின்றி மறையும். மிகச் சிலரே பேசும் மொழிக்கும் செப்பமான இலக்கணம் உண்டு. பொறுமையுடன் செவிசாய்ப்பார்க்கே அது புலனாகும்.