பணம் குறையலாம், உண்மை குறையலாமா?

 



தலாக், குலா என்று ஜமாஅத்துக்கு வரும் தம்பதிகளிடம் உட்கார்ந்து பேசினால், பல நேரங்களில் பேச்சு பணத்தில் வந்து நிற்கிறது. "வருமானம் இல்லை" என்று ஆரம்பிப்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும். ஒரு சகோதரி அழுதுகொண்டே சொன்னார்: "என் நகையை எனக்குத் தெரியாமல் அடகு வைத்துவிட்டார் ஹஸ்ரத். வட்டிக்காரர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரியும். கேட்டிருந்தால் நானே கழற்றித் தந்திருப்பேனே!"

கவனியுங்கள்! அந்தக் குடும்பத்தைக் கடன் உடைக்கவில்லை. கடனை மறைத்ததுதான் உடைத்தது.

நபியின் வீட்டில் நடந்தது

இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைப் பார்ப்போம், நபியின் வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது, பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான் உணவு என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்த வீட்டிலும் செலவுக்குக் கூடுதலாகக் கேட்கப்பட்டது. நபியவர்கள் ஒரு மாதம் மனைவியரை விட்டு விலகியிருந்தார்கள். பிறகு 33:28, 29 வசனங்கள் இறங்கின. நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து நிலைமையைத் திறந்து சொன்னார்கள். அவசரப்படாமல் பெற்றோரிடம் கலந்து முடிவெடுக்கும்படியும் கூறினார்கள். மனைவியர் அனைவரும் அல்லாஹ்வையும் அவன் தூதரையுமே தேர்ந்தெடுத்தார்கள். வசதி கூடவில்லை, ஆனால் குடும்பம் பிரியவில்லை.

இருந்தும் கொடுக்காதவர்

மறுபக்கமும் உண்டு. ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் அபூசுஃப்யான் போதுமான செலவு தருவதில்லை என்று முறையிட்டார்கள். அவரோ குறைஷிகளின் தலைவர்களில் ஒருவர். நபியவர்கள் "பொறுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பவில்லை. உனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நஃபகா என்பது கணவன் போடும் பிச்சை அல்ல, மனைவியின் ஹக்கு. அதேசமயம் வசதியுள்ளவர் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவர் தன்னிடம் உள்ளதிலிருந்தும் செலவிட வேண்டும் என்பதே 65:7 காட்டும் அளவுகோல். இல்லாதவனிடம் அவனால் இயலாததைக் கேட்டு, பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுக் குத்திக்காட்டுவதும் அநீதிதான்.

நகை யாருடையது?

மஹரும், மனைவியின் நகையும் அவருடைய சொத்து. மனம் விரும்பி அவர் தந்தால் மட்டுமே கணவன் அனுபவிக்கலாம் (4:4). கடனாக வாங்கினால் எழுதி வையுங்கள். 2:282-இன் கட்டளை கணவன் மனைவிக்கு இடையிலும் நல்லதே. மனைவி மனமுவந்து உதவினால் அதற்குப் பெரிய கூலி உண்டு. இப்னு மஸ்வூத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), கணவருக்குச் செலவிடலாமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரட்டைக் கூலி உண்டு என்று நபியவர்கள் கூறினார்கள்.

பிரிவு வந்துவிட்டால்

முதலில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவர் உட்கார்ந்து பேசட்டும் (4:35). அதன் பிறகும் முடியவில்லை, கணவன்தான் விலக்குகிறான் என்றால், பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்பப் பறிக்கக் கூடாது (4:20). கைக்கூலியாக வாங்கிய பணத்தையும் நகையையும் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகளின் செலவு தந்தையின் பொறுப்பு. தலாக்கோடு அது முடிவதில்லை.

சகோதரர்களே! இன்று இஷா தொழுத பிறகு மனைவியுடன் உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், என்ன அடகில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கும். வட்டிக்காரர் வந்து சொல்வதைவிட நீங்கள் சொல்வது மேல். சகோதரிகளே! அந்தத் தாளைப் பார்த்தவுடன் கோபம் வரும். அன்றிரவு மட்டுமாவது பழைய கணக்கை எடுக்காதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கடன்களை நிறைவேற்றித் தருவாயாக! ஹலாலான வருமானத்தில் பரக்கத் செய்வாயாக! எங்கள் வீடுகளில் உண்மையையும் இரக்கத்தையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.