மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி

சென்னை, வேலூர் வட்டாரங்களில் ஃப்ளூ உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். எனவே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் தடுப்பூசி பற்றிய முடிவைச் செப்டம்பர் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதன்முறை போடும்போது, நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. அதன்பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆக, முதல் ஊசியிலிருந்து ஆறு வாரம் கழித்தே முழுப் பயன். அடைமழை பிடித்தபின் போட்டாலும் பயனுண்டு. ஆனால் இடைப்பட்ட நாட்களில் பிள்ளைக்குப் போதிய பாதுகாப்பு இருக்காது.

“போன வருஷம் போட்டும் காய்ச்சல் வந்ததே” என்பது பெற்றோர் பலரின் குறை. அது பொய்யல்ல; ஆனால் அளவுகோல் தவறு. 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, 2 முதல் 16 வயதுவரை ஊசி போடாத நூறு பேரில் 30 பேருக்கு ஃப்ளூ வந்தது. போட்டவர்களில் 11 பேருக்கே. ஃப்ளூ போலத் தோன்றும் காய்ச்சல்களோ 28-இலிருந்து 20-ஆக மட்டுமே குறைந்தன. காரணம் எளிது: சளிக்காய்ச்சலைத் தரும் வைரஸ்கள் பல, இந்த ஊசி தடுப்பது அவற்றில் ஒன்றை. ஆனால் அந்த ஒன்று நிமோனியாவரை இழுத்துச் செல்லக்கூடியது. அமெரிக்காவில் 2010–2014 பருவங்களை ஆராய்ந்தபோது, வேறு நோயில்லாத பிள்ளைகளுக்கு ஃப்ளூவால் மரணம் நேரும் அபாயத்தைத் தடுப்பூசி 65 சதவீதம் குறைத்தது தெரிந்தது.

இரண்டு வயதுக்குட்பட்டோரிடம் நடந்த சோதனைகள் குறைவு என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் நோய் கடுமையாகும் அபாயம் அதிகமுள்ள வயதும் அதுவே. இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. வைரஸ் உருமாறுவதாலும் எதிர்ப்பாற்றல் தேய்வதாலும் சென்ற ஆண்டு ஊசி இவ்வாண்டுக்கு ஆகாது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் செலவு பலருக்குச் சுமைதான். எல்லாருக்கும் முடியாவிட்டால் சின்னக் குழந்தைக்கும் ஆஸ்துமா, இதயநோய் உள்ள பிள்ளைக்கும் முன்னுரிமை தாருங்கள். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு ஊசி கிடையாது. தாய் கர்ப்பகாலத்தில் போட்டுக்கொள்வதே அதற்குக் காப்பு. ஊசி போட்ட பிள்ளையானாலும் மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.