பழைய பதிப்புக்கு எப்போது விடைகொடுப்பது?

மாணவர்களே, பைத்தான் நிரல்மொழியில் 5/2 என்று எழுதினால் விடை என்ன? பைத்தான் 2 தரும் விடை 2. பைத்தான் 3 தருவது 2.5. ஒரே வரி, இரு விடைகள்! எனவே, 2008இல் பைத்தான் 3 வெளிவந்தபோது பழைய நிரல்கள் பலவற்றை அதில் அப்படியே இயக்க முடியவில்லை.

கணக்கீட்டுக்கு உதவும் ‘நம்பை’ ஒரு திறந்தமூல மென்பொருள். அதை உருவாக்குவோர் பல ஆண்டுகள் ஒவ்வொரு மாற்றத்தையும் இரு பதிப்புகளிலும் சோதித்தனர். அவர்களில் பலர் தன்னார்வலர்கள். பழையதற்குச் செலவாகும் நேரம் புதிய வசதிகளுக்குக் கிடைக்காது.

அதற்காகத் திடீரென நிறுத்தலாமா? பழைய பதிப்பை நம்பியிருப்போரின் வேலை முடங்கிவிடுமே!

இதற்கு இரண்டு வழிகள் கைகொடுத்தன.

1. முன்கூட்டியே நாள் குறித்தல்: 2015இல் முடியவிருந்த பைத்தான் 2க்கான ஆதரவு, பயனர்கள் மாறுவதற்காக 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது.

2. பழையதை அழிக்காமல் வைத்தல்: 2019இல் வந்த நம்பை 1.17, பைத்தான் 2ஐக் கைவிட்டது. ஆனால், அதில் இயங்கும் 1.16ஐ இன்றும் பதிவிறக்கலாம். புதிய திருத்தங்கள் மட்டும் அதற்கு வராது.

ஆக, நிறுத்துவது தவறன்று. சொல்லாமல் நிறுத்துவதே தவறு.

செய்து பாருங்கள்: பைத்தான் 3இல் 7/2, 7//2 இரண்டையும் இயக்குங்கள். பைத்தான் 2 தந்திருக்கும் விடை எது?