ஊரே சாட்சியாக நிற்கும் கதைகள்

கேள்வி: கொலையாளி யார் என்பதோடு, ஊரின் வாசனையும் வீசுகிற துப்பறியும் தொடர் தமிழில் உண்டா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: உண்டு. முதலில் 'சுழல்' (2022). புஷ்கர்–காயத்ரி எழுதியது. ஒரு சிறுமி காணாமல் போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. மாசி அமாவாசையில் அங்காளம்மன் புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்த நம் வடதமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தப் பறையும் வேஷங்களும் அடிவயிற்றில் ஏதோ செய்யும். திருவிழா இங்கே அலங்காரம் அல்ல, கதையின் எலும்பே அதுதான். பிள்ளைகள் மீதான கொடுமை கதையில் வருவதால், வீட்டுச் சிறுவர்கள் உறங்கிய பின் பாருங்கள்.

அடுத்தது பிரசாந்த் பாண்டியராஜின் 'விலங்கு' (2022). ஒரு சிறிய காவல் நிலையத்தின் அன்றாடத்தை இவ்வளவு உண்மையாகக் காட்டிய தமிழ்த் தொடர் வேறில்லை என்பேன். விமல் நடிப்பில் துளி மிகையில்லை.

எஸ்.ஜே.சூர்யா நடித்த 'வதந்தி' கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை. கொஞ்சம் நீளம்தான், ஆனால் இறந்த பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சு நெஞ்சைச் சுடும்.

பழையதில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு'. தொண்ணூறுகளின் பிள்ளைகளைக் கேளுங்கள், இன்னும் மிரள்வார்கள்.

'விலங்கி'லிருந்து தொடங்குங்கள், ஏழே பகுதிகள்தான்.