கூட்டுவினையும் மயில்கழுத்துப் பட்டும்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் என்னும் பகுதியில் காலை வேளையில் நடந்து செல்வோர் செவியில் முதற்கண் விழுவது தறியின் ஒலியே ஆகும். வீட்டின் உள்ளே குழித்தறி அமைந்திருக்கும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் கொண்ட கோர்வைப் புடவையாயின், நெசவாளர் ஒருவர் தறியில் அமர, துணையாள் ஒருவர் பக்கத்தில் இருந்து மறுகரைக்குரிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெருமைக்கு இக்கோர்வை வேலையும் ஒரு காரணமாகும்.

அத்தறிகளில் மயில்கழுத்து நிறத்துப் பட்டு நெய்யப்படுவதைக் கண்டோர் ஒரு வியப்பை அறிவர். பாவில் உள்ள இழை நீலம். ஊடையாகச் செல்லும் இழை பச்சை. இவ்விரண்டும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பின்னர்த் துணியைக் கையில் எடுத்தால், அதில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. சற்றே சாய்த்தால் ஒன்று மின்னும்; மறுபுறம் சாய்த்தால் மற்றொன்று மின்னும்; நேரே நோக்கினால் மயிலின் கழுத்தே தோன்றும். அந்நிறம் எந்தச் சாயத் தொட்டியிலும் தோய்த்து எடுத்ததன்று. இரண்டு இழைகள் கூடியமையாற் பிறந்தது.

ஆங்கில மொழியில் ஒருவகை வினைகள் இப்பட்டைப் போன்றவை. ‘லுக்’ என்பது பார் எனப் பொருள்படும். ‘ஆஃப்டர்’ என்பது பின்னர் எனப் பொருள்படும். இரண்டையும் அறிந்த மாணவன், ‘லுக் ஆஃப்டர்’ என்பதைப் ‘பின்னர்ப் பார்’ என்று கொள்வானாயின் பிழைபடுவான். அதன் பொருள் பேணிக் காத்தல் என்பதாகும். ‘கிவ்’ கொடு, ‘அப்’ மேலே, ஆயினும் ‘கிவ் அப்’ என்றால் கைவிடுதல். ‘புட் அப் வித்’ என மூன்று சொற்கள் சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதல். அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே தேடுவோர்க்கு இப்பொருள்கள் அகப்படமாட்டா.

இவற்றிற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்பதாகும். இப்பெயரை 1925ஆம் ஆண்டில் லோகன் பியர்சல் சிமித் என்பார் தம் நூலில் எடுத்தாண்டார். ஆக்சுபோர்டுப் பேரகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான என்றி பிராட்லி அதனைக் கூறியதாக அவரே குறித்துள்ளார். தமிழில் இதனைக் கூட்டுவினை எனலாம். பெயர் புதியதேனும் பொருள் பழையது. 1755ஆம் ஆண்டில் பேரகராதி இயற்றிய சாமுவேல் சான்சன், வினைக்குப் பின்னே சிறுசொல் ஒட்டிவரும் இவ்வழக்கே பிறநாட்டார்க்குப் பெருந்தொல்லை தருவது என்று தம் முன்னுரையில் எழுதி, ‘கம் ஆஃப்’, ‘செட் இன்’, ‘டேக் ஆஃப்’ முதலியவற்றைச் சான்று காட்டினார். ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் இதில் இடர்ப்படுவதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை.

உண்மையில் தமிழ் மாணவர்க்கு இவ்வழி முற்றிலும் புதியதும் அன்று. ‘கொள்’ என்னும் வினையை எடுத்துக்கொள்க. அதனோடு ‘உள்’ சேர்ந்தால் உட்கொள்ளுதல். மருந்தையும் உணவையும் உட்கொள்கிறோம். ‘மேல்’ சேர்ந்தால் மேற்கொள்ளுதல்; பயணத்தையும் நோன்பையும் மேற்கொள்கிறோம். ‘எதிர்’ சேர்ந்தால் எதிர்கொள்ளுதல். மேற்கொண்ட பயணத்தில் ‘மேல்’ எங்கே இருக்கிறது என்று எவரும் வினவுவதில்லை. பிறந்தது முதல் கேட்ட பழக்கத்தால் பொருள் தானே விளங்குகிறது. இனி ஆங்கிலத்தின் ‘டேக்’ என்னும் வினையை இதன் அருகில் வைத்துப் பார்க்க. ‘டேக் இன்’ என்பது உட்கொள்ளுதல். ‘டேக் அப்’ என்பது ஒரு தொழிலையோ கலையையோ மேற்கொள்ளுதல். ‘டேக் ஆன்’ என்பது பொறுப்பை ஏற்றுக்கொள்ளுதல், பகைவனை எதிர்கொள்ளுதல். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வழியில் நடந்துள்ளன.

வடமொழியிலும் இவ்வழி உண்டு. பல்லவர் காலத்தில் வடமொழிக் கல்விக்குப் பேர்போன ஊர் காஞ்சி. இங்கிருந்த கடிகையிற் பயிலுதற்கு மயூரசர்மன் என்பவன் தன் ஆசானுடன் வந்தான் எனத் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறுகிறது. அத்தகைய கல்விக் கூடங்களில் பயின்றோர் கற்ற இலக்கணத்தில் ‘உபசர்க்கம்’ என்பது ஒரு பகுதி. எடுத்தல், கொண்டுசெல்லல் என்னும் பொருளுடைய ஒரே வினையடியின் முன்னே வெவ்வேறு சிறுசொல் நிற்க, உண்ணும் ஆகாரம், அழிக்கும் சங்காரம், குறை போக்கும் பரிகாரம், பௌத்தத் துறவியர் தங்கும் விகாரம் ஆகிய யாவும் தோன்றின. சூரசங்காரத்தைக் காணச் சென்று, பரிகாரம் செய்து, ஆகாரம் உண்டு திரும்பும் ஒருவர், ஒரே வேரினை மும்முறை நாவால் தொட்டதை உணரார்!

வேறுபாடு ஒன்று உண்டு. வடமொழியில் சிறுசொல் வினைக்கு முன்னே நிற்கும். இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னே நிற்கும். பழைய ஆங்கிலத்தில் முன்னே நிற்பதும் பெருவழக்காயிருந்தது. ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்னும் சொல்லில் ‘அண்டர்’ முன்னே ஒட்டி நிற்பது அதன் எச்சம். கீழே நிற்றல் எவ்வாறு புரிந்துகொள்ளுதல் ஆயிற்று என்பது வேறு கதை.

பின்னே நிற்கும் சிறுசொல்லுக்கு ஓர் இயல்பு உண்டு. சில கூட்டுவினைகளில் அது வினையை விட்டுப் பிரிந்து நிற்கும். தள்ளிவைத்தல் என்னும் பொருளுடைய ‘புட் ஆஃப்’ என்பதனோடு ‘அதனை’ என்னும் பொருள் தரும் ‘இட்’ சேரும்பொழுது, அச்சொல் நாடா நுழைவதுபோல் நடுவே நுழைந்து ‘புட் இட் ஆஃப்’ என நிற்றல் வேண்டும்; ‘புட் ஆஃப் இட்’ என்றால் வழு. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவையோ பிரியா. அங்கே ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதே சரி. எது பிரியும், எது பிரியாது என்பதை ஒவ்வொன்றாகவே கேட்டறிதல் வேண்டும்.

பொருளை அறிவதற்கோ வழி ஒன்று உண்டு. வினையை மட்டும் நோக்காமல் சிறுசொல்லையும் நோக்குக. ‘அப்’ என்பது பலவிடத்து முற்றுப்பெறுதலை உணர்த்தும். ‘ஈட் அப்’ என்றால் உண்டுவிடு. ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. தமிழில் ‘விடு’ செய்யும் வேலையை அங்கே ‘அப்’ செய்கிறது. ‘ஆன்’ என்பது தொடர்ச்சியை உணர்த்தும். ‘ரீட் ஆன்’ என்றால் படித்துக்கொண்டே போ. ‘டவுன்’ என்பது ‘ரைட் டவுன்’ என வருமிடத்து ‘எழுதி வை’ என்பதிலுள்ள ‘வை’யை ஒக்கும். 1930ஆம் ஆண்டில் 850 சொற்களைக் கொண்டு எளிய ஆங்கிலம் ஒன்றை வகுத்த ஆக்டன் என்பார், அவற்றுள் வினைகளாகப் பதினெட்டையே வைத்துக்கொள்ள முடிந்தது இச்சிறுசொற்களின் வலிமையால்தான். ஆயினும் இவ்வழி எங்கும் செல்லாது. ‘டேக் ஆஃப்’ என்பது சட்டையைக் கழற்றுதலாம், வானூர்தி மேலெழுதலாம், ஒருவரைப்போல் நடித்துக் காட்டுதலுமாம். இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

கூட்டுவினைக்கு அஞ்சி, இலத்தீன் வழிவந்த நெடுஞ்சொற்களையே கையாள்வோர் நம் நாட்டிற் பலர். ‘புட் ஆஃப்’ என்னாது ‘போஸ்ட்போன்’ என்பர். அது பிழையன்று. ஒரு நிகழ்ச்சியை முன்னதாக நடத்துதற்கு ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்னும் கூட்டுவினை இருப்பதை அறியாது, ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக ‘ப்ரிபோன்’ என்ற சொல்லையும் இந்தியர் வழக்கிற் கொண்டுவந்தனர். அச்சொல் இன்று ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது!

காஞ்சியின் நெசவாளர் குடும்பத்தில் 1909ஆம் ஆண்டில் பிறந்து, அவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியிற் பயின்ற பேரறிஞர் அண்ணா, தமிழ் மேடையில் ஆண்ட நாவினாலேயே 1962ஆம் ஆண்டு முதல் மாநிலங்களவையில் ஆங்கிலத்திலும் உரையாற்றினார். தாய்மொழியின் சொல்லாட்சியில் தோய்ந்த செவி, பிறமொழியின் நெளிவு சுளிவுகளையும் விரைந்து பற்றும்.

இவையெல்லாம் தேர்வுக்கு மட்டும் உரியவை என எண்ணற்க. காஞ்சி நெசவாளர் ஒருவர் வீட்டிற்கு அயல்நாட்டு வணிகரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்க. பச்சைப் புடவைகளுக்கான வேலையைப் ‘புட் ஆஃப்’ செய்க என்று ஒரு வரி. சிவப்புப் புடவைகளைக் ‘கால் ஆஃப்’ செய்க என்று அடுத்த வரி. மயில்கழுத்துப் புடவைகளுக்குக் ‘கோ அஹெட்’ என்று மூன்றாம் வரி. முன்னிரண்டிலும் ‘ஆஃப்’ வருதலால், இரண்டும் நிறுத்தச் சொல்வனவே என்று படிப்போர் எண்ணக்கூடும். ‘புட் ஆஃப்’ என்பது சின்னாள் தள்ளிவைத்தல். ‘கால் ஆஃப்’ என்பதே அறவே நீக்குதல். பச்சையை நீக்கச் சொன்னதாகக் கருதினால், பின்னர்க் கேட்கப்படும் புடவைக்கு இழை இராது. சிவப்பைத் தள்ளிவைக்கச் சொன்னதாகக் கருதி இழைக்குச் சாயம் ஏற்றிவிட்டால், வாங்குவார் இல்லாத பட்டு வீட்டில் தங்கும். ஒரு பாவில் மூன்று புடவைகள் வரை நெய்வது வழக்கம். சாயம் ஏறிய பட்டு மீண்டும் வெண்மையாகாது. அதற்கு ஈடு கட்டுவது அவ்வீட்டாரின் பல நாள் உழைப்பு.

அவ்வீட்டில் ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மகள், பள்ளிப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு அச்செய்தியை இருமுறை படிக்கிறாள். “பச்சையைப் பொறுத்துச் செய்யலாமாம் அப்பா, சிவப்பு வேண்டவே வேண்டாமாம், மயில்கழுத்தை உடனே தொடங்கச் சொல்கிறார்கள்” என்கிறாள். சாயத்திற்குக் கட்டி வைத்திருந்த பட்டு நூலைத் தந்தையார் மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். பின்னர், நீலப் பாவு ஏற்றிய தறியில் அமர்ந்து, பச்சை இழை சுற்றிய நாடாவைக் கையில் எடுக்கிறார்.