வயசைக் கேட்டா உண்மையைச் சொல்லுங்க!

"உங்கள் பிறந்த வருடம்?" பல ஆப்கள் முதலில் கேட்கிற கேள்வி இது. ஆறாவது படிக்கிற வாண்டு, 2000 என்று தட்டிவிட்டு உள்ளே போய்விடும். "அட, என்ன சமர்த்து!" என்று நாமும் சிரித்துக்கொள்கிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பம். அந்த நிமிஷத்திலிருந்து, ஆப்பின் கணக்கில் உங்கள் பிள்ளை பெரிய மனிதர். பெரியவர்களுக்கான விளம்பரம், முன்பின் தெரியாதவர்களின் மெசேஜ்... எல்லாம் வந்து சேரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத எல்லோருமே குழந்தைகள்தான். அவர்களுடைய விவரங்களை வாங்குவதற்கு முன், பெற்றோரின் சம்மதத்தை நிறுவனம் சரிபார்த்துப் பெற வேண்டும். பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்! இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் வாங்கும் ஏற்பாட்டுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

நம் தமிழ்நாட்டுப் பாடம்

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் தமிழக அரசு கடிவாளம் போட்டது. 18 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது, ஆதாரும் ஓ.டி.பி.யும் கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழைய முடியாது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 'விதிகள் செல்லும்' என்று ஜூன் 3-ல் சென்னை ஐகோர்ட் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட்டில் அந்த வகை ஆட்டங்களுக்கே தடை போட்டு மத்திய அரசின் சட்டம் வந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆதார் அப்பாவுடையது, ஓ.டி.பி. வருவதும் அப்பா போனில், போன் இருப்பதோ பிள்ளையின் கையில் என்றால், எந்தப் பூட்டு நிற்கும்? ஒரகடம் ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, படப்பை வீட்டில் பகலில் அசந்து தூங்குகிற அப்பாவுக்கு இது தெரியக்கூட வராது.

நீங்கள் செய்ய வேண்டியது

* பிறந்த வருடத்தைச் சரியாகப் போடுங்கள். தப்பாகப் போட்டிருந்தால் இன்றே திருத்துங்கள்.

* ஆண்ட்ராய்டு போனில் 'ஃபேமிலி லிங்க்' வைத்தால், புது ஆப் இறக்கப் பிள்ளை உங்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். இரவில் போனைப் பூட்டும் வசதியும் அதில் உண்டு.

* ஆப் இறக்கும் இடத்தில் 12+, 16+ என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

* ஓ.டி.பி.யையும் போன் பூட்டின் எண்ணையும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

* 6 முதல் 12 வயது வரை 9-12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8-10 மணி நேரம் தூக்கம் தேவை. ராத்திரி சார்ஜர் ஹாலிலேயே இருக்கட்டும்.

போனை வாங்கினால் எரிந்து விழுவது, தூக்கம் கெடுவது, படிப்பில் சரிவு... இவை தொடர்ந்தால் அடிக்காதீர்கள். டாக்டரிடம் பேசுங்கள். 14416 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகவே பேசலாம்.