நீடித்த வலிப்பு: அங்கத்தினர் அறிய வேண்டியவை

முந்தலைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்ட வேலைக்காக இவ்வழியே ஜீப்புகளில் சென்று திரும்புவோர் பலர். மலைமேல் ஒருவருக்கு வலிப்புக் கண்டால் ஆஸ்பத்திரியை அடையவே வெகுநேரம் பிடிக்கும். ஆதலின் வலிப்பைப் பற்றிய சில உண்மைகளை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

மூளையின் நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்துடிப்புகளால் வேலை செய்கின்றன. அத்துடிப்புகள் ஒழுங்கு தவறி ஒருசேர எழுவதே வலிப்பு. பெரும்பாலும் அது இரண்டு மூன்று நிமிஷங்களில் தானே அடங்கிவிடும். ஐந்து நிமிஷத்திற்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மறுவலிப்பு வந்தாலும் அதுவே நீடித்த வலிப்பாகும். அரைமணி நேரம் நீடிப்பின் மூளைக்கு நிலையான சேதம் நேரக்கூடும்.

இதற்குக் காரணங்கள் பல: மாத்திரையைத் திடீரென நிறுத்துதல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல் முதலியன. மற்றொன்றும் உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் தற்காப்புச் சக்தியே, ஆள் தெரியாத காவற்காரனைப் போல், சொந்த மூளையைத் தாக்குவதுண்டு. இவ்வகையில் முக்கியமான ஒரு நோயை ஜோசப் டால்மாவ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 2007இல் கண்டு விளக்கினர். இளம்பெண்களிடமும் சிறுவரிடமும் இது மிகுதி. சிலருக்குச் சூற்பைக் கட்டி இதனைத் தூண்டுகிறது.

இந்நோயில் வலிப்புக்கு முன்போ உடனோ தூக்கமின்மை, காரணமற்ற அச்சம், பிதற்றல், வாய் கோணல் அசைவுகள் ஆகியவை தோன்றலாம். இவற்றைக் கண்டு பேய் பிடித்ததென்று கோடாங்கியை நாடி நாட்களைக் கழிப்பது பெருந்தீங்கு. முதுகுத்தண்டு நீரையும் ரத்தத்தையும் சோதித்து நோயை அறியலாம். வலிப்பு மருந்து மட்டும் இங்கே போதாது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுதல் ஆகிய சிகிச்சைகளும், கட்டியிருந்தால் அதை அகற்றுதலும் வேண்டும். 577 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியான அறிக்கையின்படி, இரண்டாண்டுகள் கவனிக்கப்பட்டவர்களில் ஐவரில் நால்வர் நல்ல நிலையை எய்தினர். விரைந்து சிகிச்சை பெற்றோரே அதிக நன்மை அடைந்தனர். ஆயினும் குணமடையப் பல மாதங்கள் ஆகலாம். வீட்டார் பொறுமை இழத்தல் கூடாது.

வலிப்பு வந்தால் செய்யத்தக்கவை:

1. உடனே கடிகாரத்தைப் பாருங்கள்.
2. தறிக்கட்டை, அடுப்பு, பாறை முதலியவற்றில் மோதாமல் காத்து, தலைக்கடியில் துணியை வையுங்கள்.
3. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.
4. கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் நீரோ கரண்டியோ எதுவும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை.
5. ஐந்து நிமிஷம் ஆகிவிட்டால் 108க்குத் தெரிவியுங்கள். தொலைபேசிக்கு வழியில்லாத இடமாயின் கிடைத்த வண்டியில் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.
6. வலிப்புத் தொடங்கிய நேரத்தையும், முந்திய நாட்களில் கண்ட குணமாறுதல்களையும் டாக்டரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

முன்பே வலிப்புள்ளவர்கள், மூக்கில் தெளிக்கும் மிடாசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று தம் டாக்டரைக் கேட்டு அறிந்துகொள்வது நலம். தோட்டங்களிலும் தறிக்கூடங்களிலும் மேற்கண்ட ஆறு விதிகளையும் அங்கத்தினர்கள் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.